மூன்றாவது அழைப்பு

மழை நின்றிருந்தது. காற்று நிற்கவில்லை, அந்தத் துறைமுக ஊரில் காற்று நின்று யாரும் பார்த்ததில்லை. எல்ஸ்பெத் கார்ன் சட்டசபையின் பக்கவாசல் வழியாக நுழைந்தாள். சகதி அப்பிய காலணியைச் சாக்கில் துடைத்துவிட்டு, மனுக்குழு அறைக்கு வெளியே கிடந்த நீளமான பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

முழுக்க மரத்தால் கட்டிய மாளிகை அது. கல் கட்டடம்போலத் தெரியட்டும் என்று வெளியே சாம்பல் வண்ணம் பூசியிருந்தார்கள். உள்ளே நடைவழியில் ஈரப் பலகையின் வாடை. பகலிலும் விளக்கு தேவைப்படும் இருட்டு.

வாயிற்காவலர் டகெட் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"போன வருஷமும் வந்தீங்கல்ல? என்ன மனும்மா?"

"என் பொண்ணு டோர்கஸ். அனாதைப் பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்க."

"அனாதையா? நீங்கதான் உயிரோட இருக்கீங்களே."

"அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

கணவனைக் காய்ச்சல் கொண்டுபோன அதே வாரம் எல்ஸ்பெத்தும் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நேரத்தில்தான் போலீஸ்காரர் ஒருவர் வந்து, பெற்றவர்கள் இல்லை என்று சொல்லி டோர்கஸைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். எல்ஸ்பெத் எழுந்து நடமாடியதும் போய்க் கேட்டாள். சபையின் உத்தரவு இல்லாமல் பிள்ளையைத் தர முடியாது என்றார்கள். போன வருடம் அவள் முறை வருமுன்பே கூட்டத்தொடர் முடிந்தது. மனுவும் அதோடு முடிந்தது. இந்த முறையும் தவறினால், வசந்தத்தில் டோர்கஸைத் தெற்கே ஏதோ ஒரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு வயது.

அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது கைகால் மரத்துப்போவதுபோல உள்ளமும் மரத்துப்போயிருந்தது.

"பெஞ்சை விட்டு எந்திரிச்சுப் போயிடாதீங்க," என்றார் டகெட். "பேரை மூணு தடவை கூப்பிடுவேன். பதில் இல்லைன்னா மனு தள்ளுபடி. போன குளிர்ல ஹனோரா லீன்னு ஒரு அம்மா. காலையிலேருந்து காத்திருந்துட்டு, தண்ணி குடிக்க முற்றத்துக்குப் போனாங்க. சரியா அப்பத்தான் கூப்பிட வேண்டி வந்துச்சு. அவங்களும் பிள்ளையைத்தான் கேட்டு வந்தவங்க."

"அப்புறம்?"

"தள்ளுபடின்னு சொன்னேன். இங்கேயே உக்காந்தாங்க. கதவு பூட்ட வந்தப்போ விறைச்சுச் செத்துப் போயிருந்தாங்க." அவர் மூக்கைச் சிந்தினார். "விதியை நானா எழுதினேன்? சரி, உள்ளே போனா சத்தமா பேசுங்க. ஐயாமார் தலை நிமிர மாட்டாங்க. என் மாமியாரை அனுப்பினாக்கூட மனுதாரர் வந்தார்னு எழுதிக்குவாங்க."

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நடைவழியின் கோடியில் ஒரு ஜன்னல் கடகடத்தது. பிறகு அதுவும் அடங்கியது.

பெஞ்சின் மறுமுனை மெல்லத் தாழ்ந்தது.

எல்ஸ்பெத் திரும்பவில்லை. நனைந்து காயாத கம்பளியின் புளித்த வாடை அவளை எட்டியது. கழுத்தோரம் ஒரு மூச்சு பட்டது. அதில் சூடு இல்லை.

"உன் பொண்ணு எப்படித் தூங்குவா?" என்று கேட்டது ஒரு பெண்குரல், காதோடு காதாக.

அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. பிறந்த ஊர், திருச்சபை, சாட்சிகளின் பெயர், எல்லாம் கேட்டிருந்தார்கள். இதைக் கேட்கவில்லை.

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுப்பா," என்றாள். "நெத்தியில கை வச்சாத்தான் கண்ணை மூடுவா."

"எந்தக் கை?"

"இடது கை."

"உன்னை என்னன்னு கூப்பிடுவா, கோவம் வந்தா?"

எல்ஸ்பெத் அதையும் சொன்னாள். டோர்கஸுக்குப் பிடிக்காத கஞ்சியைப் பற்றி, முழங்கால் தழும்பைப் பற்றி, இருட்டில் அவள் முணுமுணுக்கும் பாட்டைப் பற்றி எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல இதமாக இருந்தது. ஒவ்வொன்றும் சொன்ன பிறகு தொண்டை இன்னும் கொஞ்சம் வறண்டது.

கதவு திறந்தது.

"எல்ஸ்பெத் கார்ன்."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"எல்ஸ்பெத் கார்ன்."

எழ முயன்றாள். கால்கள் இருந்த இடம் தெரியவில்லை.

டகெட் வழக்கப்படி, யார் முகத்தையும் பார்க்காமல், உத்தரத்தைப் பார்த்துக் கூவினார்.

"எல்ஸ்பெத் கார்ன்."

"இருக்கேன்."

அது அவளுடைய குரல்.

அவள் உதடுகள் அசையவில்லை.

பெஞ்சின் மறுமுனை உயர்ந்தது. கறுப்புப் பாவாடை ஒன்று அவள் முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போனது. கதவு மூடியது.

மெல்லிய பலகைக் கதவு. எல்லாம் கேட்டது. குழுத் தலைவர் ஏதோ முனகினார். பிறகு எல்ஸ்பெத்தின் குரல் பேசியது. தடுமாறாமல், தெளிவாக. அவளால் ஒருநாளும் அப்படிப் பேசியிருக்க முடியாது. இடது கை. தழும்பு. பாட்டு. யாரோ செருமினார்கள். பேனா கீறும் சத்தம் கேட்டது.

நெடுநேரம் கழித்து டகெட் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எல்லா மனுவையும் மந்திரி ஆபீஸ்ல 'கருத்து ஏதுமில்லை'ன்னு எழுதித்தான் ஒதுக்கிடுவாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இன்னிக்கு மந்திரியே கையெழுத்துப் போட்டுட்டார்." அப்போதுதான் பெஞ்சைப் பார்த்தார். "யாரும்மா நீங்க? இன்னிக்கு வேலை முடிஞ்சாச்சே."

தொண்டையை எப்படியோ திறந்தாள். "நான்தான் எல்ஸ்பெத் கார்ன்."

"அந்தம்மா இப்பத்தான் உத்தரவோட முன்வாசல் வழியா போனாங்க." அவர் குரலில் கேலி இல்லை. "உடம்பு சரியில்லையா? வீட்டுக்குப் போங்க."

அவள் மேட்டுத் தெருவில் ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. அனாதைப் பள்ளியின் தலைவி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"டோர்கஸா? அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே. பாத்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கிச்சு. நல்ல பொண்ணு." அவள் எல்ஸ்பெத்தை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

எல்ஸ்பெத் மேட்டை விட்டு இறங்கினாள். வழியில் முள்புதர்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. யாரும் அவளுக்கு வழிவிடவில்லை. யாரும் இடிக்கவும் இல்லை.

அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஆட்டிறைச்சி வேகும் மணம். கதவைத் தள்ளினாள். உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டினாள்.

சின்னக் காலடிகள் ஓடிவந்தன. இத்தனை நாளும் அவள் காத்திருந்த காலடிகள்.

"அம்மா, வாசல்ல யாரோ."

"பேரைக் கேளு, கண்ணு."

"யாரு நீங்க?" என்றாள் டோர்கஸ், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

எல்ஸ்பெத் பலகையில் நெற்றியை வைத்துத் தன் பெயரைச் சொன்னாள். காற்று அதைக் கொண்டுபோயிற்று. இன்னொரு முறை, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, சொன்னாள்.



"அம்மா," குழந்தை சிரித்துவிட்டாள். "உன் பேரையே சொல்றாங்க."

"சொல்லட்டும்," என்றது வீட்டுக்குள்ளிருந்து எல்ஸ்பெத்தின் குரல். "நாளைக்கு வரச் சொல்லு."