சுவரில் பூசிய சர்க்கரை

ரொமெலியாவின் ரொட்டிக் கடைச் சுவரில் யாரோ ஒருவன் வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டுச் சுவத்துல கை வச்சீங்க?"

திரும்பினான். மழையில் நனைந்த இமைகள்... சிரிக்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் கண்கள். பெயர் எவாரிஸ்தோ, கட்டடங்கள் எவ்வளவு இறங்குகின்றன என்று அளக்கும் இன்ஜினியர். ஏரியைத் தூர்த்துக் கட்டிய மெக்சிகோ நகரத்தில் எல்லா வீடும்தான் புதைகிறது, அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. ஒரு மூலை மட்டும் முந்திக்கொண்டால்தான் வம்பு. விரிசலின் குறுக்கே பூசிய இந்தப் பிளாஸ்டர் பட்டை உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், கடையையே மூடவேண்டி வரலாம் என்றான்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து சாஞ்சுதான் நிக்குது. அதுதான் இதுக்கு அழகு."

"அழகுதான்," என்றான், சுவரைப் பார்க்காமல்.

வாராவாரம் வந்தான். அளப்பதற்கு ஆகும் நேரத்தைவிட சிப்பிபோல் கோடிட்ட அவளுடைய இனிப்பு ரொட்டி கொன்ச்சாவைத் தின்ன அதிக நேரம் எடுத்துக்கொண்டான். அவன் வரும் நாளில் அவளும் இரண்டு தடவை தலைவாரிக்கொண்டாள்.

ஒரு காலை பட்டையில் மெல்லிய வெடிப்பு. ரொமெலியா கேக்குக்குப் பூசும் சர்க்கரைக் கலவையை எடுத்து வெடிப்பை வழித்து மூடினாள். வெள்ளையோடு வெள்ளை... யாருக்குத் தெரியப்போகிறது?

எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டது.

எவாரிஸ்தோ வந்தபோது தரையிலிருந்து விரிசல்வரை கறுப்பாக ஓர் ஊர்வலம். பட்டையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தான்.

"எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

அவளுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. வேண்டுமானால் கடையை மூடிவிடுங்கள் என்று விறைப்பாகச் சொன்னாள். கண்ணோ நிறைந்துவிட்டது.

"உடைஞ்சா சொல்லணும். மறைச்சா நான் எப்படி உங்களைக் காப்பாத்துறது?" என்றவன், "கடையை," என்று அவசரமாகத் திருத்திக்கொண்டான்.

உள்ளே போய்ப் பார்த்தான். மாவு மூட்டைகள் அத்தனையும் அந்த ஒரே மூலையில், கூரைவரை. இளகிய மண்மேல் நிற்கும் மூலை வேறென்ன செய்யும்? இருவருமாக இழுத்து, நாலு பக்கமும் பரப்பினார்கள். முடிந்தபோது இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை மாவு. கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ள அவள் எவ்வளவோ முயன்றாள்... முடியவில்லை.

அவன் பூசிய புதிய பட்டை மழைக்காலம் முழுக்க உடையவில்லை.

"இப்ப எல்லா மூலையும் ஒண்ணாத்தான் இறங்குது. கடைக்கு ஆபத்தில்ல. இனி நான் வர வேண்டியதில்ல," என்றான், கருவியைப் பெட்டியில் வைத்தபடி.

இதற்காகத்தானே அவள் மாதாகோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்? இப்போது ஏன் அந்தப் பெட்டி மூடவே கூடாது என்றிருக்கிறது?

"மூட்டையெல்லாம் திரும்ப அந்த மூலைக்கே தள்ளிடட்டுமா?" என்றாள், மெதுவாக.

பெட்டியை மூடப்போன கை நின்றது.

"வேண்டாம், ரொமெலியா. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... முதல் நாள்லேர்ந்தே."

"சர்க்கரை பூசினதுக்கு எனக்கு அவ்வளவு பேச்சு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க இவ்வளவு நாள் இதை மறைச்சீங்களே, இன்ஜினியரே... எனக்கும் பிடிச்சிருக்குன்னு நான் யார்கிட்டச் சொல்றது?"