புயல் கழற்றாத ஓடு

வழுக்கும் ஓட்டுக் கூரையின் மேல் குப்புறப் படுத்திருந்தபோது இன்ஷ்யூரன்ஸ் சர்வேயரின் செல்போன் அலறியது!

ஒரு கையால் முகட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார்.

"சார்... பின்வாசலுக்கு மேல ஒரு ஓடு இல்லையே, பார்த்தீங்களா?"

வீட்டுக்காரியின் குரல்.

நான்கு நாட்களுக்கு முன் அடித்த புயலில், அந்த ஓடு தலையில் விழுந்து அவள் கணவன் பின்வாசலிலேயே செத்துக் கிடந்தான். விபத்து என்று எழுதிப் போலீஸ் கையைக் கழுவிவிட்டது. இன்ஷ்யூரன்ஸ் கேட்பதற்கு முன்னால் கூரையைச் சோதித்தே ஆக வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக இவரை அழைத்திருந்தாள். அழுத தடயமே இல்லாத முகம். அதுவே சர்வேயருக்கு உறுத்தியது. பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்துச் சொந்த நிழலைக்கூடச் சந்தேகப்படுகிறவர் அவர்.

"பார்த்தேம்மா."

"அதோட ஸ்க்ரூ?"

திடுக்கிட்டார். ஸ்க்ரூவைப் பற்றி இவள் ஏன் கேட்கிறாள்?

ஊர்ந்து போய்ப் பார்த்தார். புயல் பிடுங்கிய மற்ற ஓடுகள் மரச்சட்டத்தையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தன. இங்கே மட்டும் சட்டத்தில் இரண்டு துளைகள்... ஒரு சிராய்ப்பு இல்லை!

"பிய்ஞ்சு போகலம்மா! யாரோ நிதானமா கழட்டியிருக்காங்க. காத்து ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக்கிட்டு வராது!"

மறுமுனையில் நீண்ட மூச்சு.

"போனை கட் பண்ணாதீங்க சார். அப்படியே பாக்கெட்ல வைங்க."

"எதுக்கு?"

கேட்டுக்கொண்டே போனைப் பாக்கெட்டில் போட்டார்.

கர்ரக்...

ஏணி சுவரில் உரசும் சத்தம்! எட்டிப் பார்த்தார். ஏணியைக் காணோம்!

பாவி... ஓட்டைக் கழற்றியவளே என்னையும் மேலே ஏற்றிவிட்டாளா?

கூரையிலிருந்த பரண் ஜன்னல் திறந்தது. வெளியே நீண்ட தலை அவளுடைய கொழுந்தனுடையது. செத்தவனின் தம்பி. காலையிலிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, 'தண்ணி வேணுமா சார்' என்று உருகி உருகி உபசரித்தவன்.

சர்வேயருக்கு உயிர் வந்தது.

"நல்ல வேளை வந்தீங்க தம்பி! உங்க அண்ணி ஏணியை எடுத்துட்டாங்க!"

"அண்ணி வெளிய போயிருக்காங்க சார். எடுத்தது நான்."

"என்ன தம்பி... விளையாட்டா?"

"ஸ்க்ரூ, கழட்டல்னு கத்தினீங்களே, கேட்டுச்சு. வீட்டை விக்க விடமாட்டேன்னு அண்ணன் அடம் பிடிச்சான். ஓட்டைக் கழட்டி ஒரே போடு! பழி புயல் மேல."

"நான் புயல்னே எழுதிடறேன் தம்பி!"

வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பொய் ரிப்போர்ட்டுக்குச் சம்மதித்தார் சர்வேயர்.

"ஈரக் கூரை சார். நீங்க வழுக்கி விழுந்தா யாருக்கும் சந்தேகம் வராது..."

ஒரு கை அவர் கணுக்காலைப் பற்றி இழுத்தது. ஓடுகள் சடசடவென உடைந்தன. மரச்சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவ...

"கையை எடுடா!"

கீழே துப்பாக்கியோடு எஸ்.ஐ.! பக்கத்தில், போனும் கையுமாக அவள்!

பத்து நிமிஷத்தில் கொழுந்தன் ஜீப்பில் இருந்தான். தரைக்கு வந்துவிட்ட சர்வேயர் இன்னும் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தெரு ஸ்டேஷன்லேர்ந்துதான் சார் பேசினேன். ஓடி வரும்போதே ஸ்பீக்கர்ல எல்லாத்தையும் கேட்டாங்க." அவள் கண்களில் அப்போதுதான் கண்ணீர் பொங்கியது. "விழுந்த ஓட்டுல ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம்கூட உடையலன்னு மூணு தடவை போய்ச் சொன்னேன். புருஷன் போன துக்கத்துல உளறுதுன்னு அனுப்பிட்டாங்க."

எஸ்.ஐ. தேவையில்லாமல் தொப்பியைச் சரிசெய்தார்.

சர்வேயருக்கு மனசு இளகிவிட்டது. "கவலைப்படாதீங்கம்மா. கூரைக்கு வரவேண்டியதை நானே முன்னால நின்னு வாங்கித் தரேன். பாலிசி எங்க?"

"இல்ல சார்."

"தொலைஞ்சு போச்சா?"

"எடுக்கவே இல்ல சார். இந்த வீட்டுக்கு இன்ஷ்யூரன்ஸே கிடையாது!"

"அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூரை மேல ஏத்தினீங்க?!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"யார் என்ன சொன்னாலும் நம்பாத மனுஷன் இந்த ஊர்ல யாருன்னு விசாரிச்சேன் சார்... எல்லாரும் உங்களைத்தான் கைகாட்டினாங்க!"