எமகண்டத்தை மூடியவள்

கீழ்க்கட்டளையில் ஒரு பழைய ஓட்டு வீட்டைத்தான் முதலாளி சம்பந்தம் ஆப் செய்யும் ஆபீசாக்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிருபா உள்ளே நுழைந்தபோது அங்கே ஈ காக்கா இல்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவள் முன்பதிவு ஆப் செய்துகொண்டிருந்தாள். மண்டபக்காரருக்கு ஒரே பிடிவாதம். ஆப்பில் மணி குறிக்கத் திறக்கும் கடிகாரப் பெட்டியில் ராகுகாலமும் எமகண்டமும் சாம்பல் நிறமாகிவிட வேண்டும், விரலால் இழுத்தாலும் முள் அங்கே போகக் கூடாது.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார், எங்களுக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான்" என்று போனில் சம்பந்தத்திடம் அலுத்துக்கொண்டாள்.

"உனக்கு இன்னாம்மா, அவரு கேக்கறத செஞ்சு குடு" என்று வைத்துவிட்டார் சம்பந்தம்.

எல்லாம் தலையெழுத்து என்று உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை எமகண்டம் மூன்றிலிருந்து நாலரை. அதை அடைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த ஆபீஸ் போனில் ஆப்பைத் திறந்தாள். அப்போது மணி மூன்று இருபது.

எங்கிருந்தோ டயர் கருகும் நாற்றம் வந்தது.

பெட்டி திறந்தது. அவள் எழுதிய தலைப்பு அதில் இல்லை.

'ஜோனத்தானுக்கு நேரம் குறிக்கவும்.'

அவள் புருஷன் பெயர்! முள் சாம்பல் நிறத்துக்குள்ளேயே, மூன்று நாற்பதில் நின்றது. 'வேண்டாம்' பொத்தானைக் காணோம்.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

"என் நேரத்த மூடிட்டியாடி?"

கிருபா சட்டென்று திரும்பினாள், பின்னால் யாருமில்லை. மறைமலை நகரில் ஷிப்ட் முடிந்து ஜோனத்தான் பைக்கில் வீட்டுக்கு வரும் நேரம் அது. தன் போனை எடுத்து அவனை அழைத்தாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வண்டலூர் தாண்டி வந்துகினு இருக்கேன். ஏன் மூச்சு வாங்குற?"

"வண்டிய ஓரமா நிறுத்துங்க. நாலரை வரைக்கும் நகராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"பைத்தியமா உனக்கு?" என்று சிரித்தான். ஆனாலும் நிறுத்தினான். "சரி, நிறுத்திட்டேன். சொல்லு."

அழைப்பைத் துண்டிக்காமலே கீபோர்டுக்குப் பாய்ந்தாள். எந்த மணியுமே இல்லாவிட்டால் அது எதைக் குறிக்கும்? இருபத்துநாலு மணி நேரத்தையும் அடைத்து, ஆப்பை மறுபடி ஓட்டினாள்.

வட்டம் முழுக்கச் சாம்பலானது. முள் மறைந்தது.

அப்பாடா என்று கண்ணை மூடினாள். மூடிய வேகத்தில் திறந்தாள். ஆப் திணறி நின்றுவிடக் கூடாதென்று எல்லோரும் எழுதுகிற ஒரு வரியை அவளும் எழுதியிருந்தாள். குறிக்க நேரமே இல்லையென்றால், இப்போதைய மணியை எடுத்துக்கொள்.

ஐயோ, பாவி நான்!

முள் முளைத்து மூன்று முப்பத்தொன்றில் நின்றது. மணியும் மூன்று முப்பத்தொன்று. யாரும் தொடாமலே 'சரி' பொத்தான் அமுங்கியது.

"கிருபா..." ஜோனத்தான் குரல் தாழ்ந்திருந்தது. "பின்சீட்டுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி கீது."

"இறங்கிடுங்க! ஏங்க, இறங்கிடுங்க!"

"இறங்க வுட மாட்டேங்குது. இடுப்ப இறுக்கிப் புடிச்சிருக்கு. வண்டி தானா..."

பைக் உறுமியது. நீளமாக ஒரு லாரி ஹாரன்.

அப்புறம் யார் யாரோ ஓடிவரும் சத்தம். "ஐயையோ, ஆம்புலன்சுக்கு போன் போடுப்பா!"

கிருபா கத்தினாள். கருகல் நாற்றம் இன்னும் கிட்டே வந்தது.

ஆபீஸ் போனில் பெட்டி மறுபடி திறந்தது.

'கிருபாவுக்கு நேரம் குறிக்கவும்.'

இந்த முறை வட்டத்தில் ஒரு மணிகூட அடைபட்டிருக்கவில்லை.