ஜெர்மன் பாடம் கடத்தப்பட்டது!

"ஐயோ... என் ஃபோல்டர்!"

காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அன்னக்குட்டி டீச்சர் அலறினார்.

நாற்காலி சாய்ந்தது. டீச்சரும் சாய்ந்தார். திரையில் மிஞ்சியவை... இரண்டு உள்ளங்கால்கள்!

ஆன்லைன் வகுப்பில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள். முப்பத்தெட்டுப் பேரும் நர்ஸ்கள்!

"யாராவது பல்ஸ் பாருங்கடி!"

"எங்கேர்ந்து பாக்கறது? நான் திருச்சூர்ல இருக்கேன்!"

"காலைத் தூக்கி வைங்க!"

"கால் மட்டும்தானடி மேல இருக்கு!"

"டீச்சர் சர்க்கரை மாத்திரை போட்டாங்களா?"

உள்ளங்கால் ஒன்று அசைந்தது.

"நான் சாகல... எல்லாரும் மைக்கை அணைங்க!" என்றது தரை.

பயப்படாதீர்கள் கண்ணுகளா. டீச்சருக்கு ஒன்றுமில்லை. ஆனால் டீச்சரின் ஏழு வருட உழைப்பு இருந்த இடத்தில்... ஒன்றுமே இல்லை!

இருபது வருடம் ஜெர்மனியில் நர்ஸாக இருந்துவிட்டுக் கேரளத்து ஏற்றுமானூருக்குத் திரும்பியவர் அவர். முந்நூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். கேட்டுப் பழக ஒலிப்பதிவுகள். போனில் தட்டிப் படிக்க ஆறாயிரம் சொல் அட்டைகள். நேற்று மாலை வரை இருந்தவை. இப்போது வெள்ளைத் திரை!

"பாடத்துக்கெல்லாம் காப்பி ஒண்ணு எடுத்து வெச்சிருப்பீங்களே டீச்சரே?" என்றாள் ஷிஜி.

"வெச்சேன்டி."

"எங்கே?"

"அதே ஃபோல்டருக்குள்ள."

முப்பத்தெட்டுப் பேரும் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள்.

டிரிங்... டிரிங்!

டீச்சரின் செல்போன். தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டார்.

ஆண் குரல். சுத்தமான ஜெர்மன்!

"வணக்கம். உங்கள் பாடங்கள் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமைப் பரீட்சைக்கு உங்கள் மாணவிகள் யாரும் போகக் கூடாது. போனால் பாடங்களை அடியோடு அழித்துவிடுவேன். தயவுசெய்து. நன்றி."

"யார் நீ?"

"வணக்கம். உங்கள் பாடங்கள் என்னிடம்..." மறுபடி முதலிலிருந்து!

"டீச்சரே, கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லுங்க. ரெண்டாவது வரி புரியல" என்றாள் மெறின்.

லைன் துண்டானது.

ஷிஜி அழ ஆரம்பித்தாள். "சனிக்கிழமை பாஸாகலேன்னா ஜெர்மனி ஆஸ்பத்திரி என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துரும் டீச்சரே! எல்லாருக்கும் அதே கதிதான்!"

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாடம் போனா போகட்டும். நீங்க சனிக்கிழமை போறீங்க. முப்பத்தெட்டுப் பேரும்!"

திரையின் ஒரு சதுரத்தில் பின்சியின் முகம் வெளுத்தது. பாவம், வகுப்பிலேயே முதல் மாணவி அல்லவா!

புகார் போனது. எட்டரை மணிக்கு, கொட்டுகிற மழையில், டீச்சர் வீட்டுக்கு ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் எல்தோஸ். பின்சியின் கணவர்.

பாலில்லாத கட்டன் சாயாவை உறிஞ்சினார். மீசையைத் துடைத்தார்.

"ஆம்பளைக் குரல். பெண்டாட்டி வெளிநாடு போறது பிடிக்காத புருஷன் எவனோ. சந்தேகமே இல்ல டீச்சரே!"

"முப்பத்தெட்டுப் பேர்ல இருபத்தாறு பேருக்குப் புருஷன் இருக்கு சாரே."

"எல்லாரையும் தூக்கிருவோம்!"

"அதுல நீங்களும் ஒருத்தர்."

எல்தோஸுக்குப் புரையேறியது. செல்போனை எடுத்து மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். "ஸ்டேஷன் மெசேஜ்..."

டிங்!

"திருடன் உள்ளூர்க்காரன்தான்..."

டிங்! டிங்!

டீச்சர் தன் போனைத் திறந்தார். பழக்கதோஷம். தினமும் காலையில் யார் யார் நாற்பது சொல் அட்டை முடித்தார்கள் என்று பட்டியல் பார்ப்பார். முடித்தவளுக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்புவார்.

இன்றைக்கு அட்டையே இல்லை. முப்பத்தேழு பேருக்கும் பூஜ்யம்.

முப்பத்தேழு!

பின்சியின் பெயருக்கு நேராக... பச்சை! ஒரு நாள் விடாமல் இருநூற்றுப் பதின்மூன்றாவது நாள்!

"சாரே, பின்சி எங்கே?"

"ஆபரேஷன் தியேட்டர்ல. எட்டு மணி டூட்டி. போனை வெளியே பூட்டிட்டுத்தான் உள்ளே போகணும்."

டிங்!

பட்டியலில் பின்சியின் கணக்கு ஒன்று ஏறியது. டீச்சர் ஒரே தாவு! அறுபத்திரண்டு வயது. மேஜைக்கடியில் கை விட்டுப் போனைப் பிடுங்கினார்.

அதில்... காணாமல் போன சொல் அட்டைகள்!

"கள்ளன் நீங்கதானா!"

"மாதாவே! நான் இல்ல!" எல்தோஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். "பின்சிக்கு டூட்டி, அசதி. 'எனக்குப் பதிலா நாற்பது அட்டை தட்டுங்க, நாள் கணக்கு அறுந்துரும்'னா. தட்டினேன். அப்புறம்... விட முடியல டீச்சரே! இருநூத்துப் பதிமூணு நாளும் நானேதான்!"

"ரோஜாப்பூ எல்லாம்...?"

"எனக்குத்தான் வந்துது." வெட்கப்பட்டார்.

"அது இருக்கட்டும். ஃபோல்டரே காலி. அட்டை உங்க போனுக்கு எப்படி வந்துது?"

"நேத்து சாயந்திரம் பின்சி ஏத்திக் குடுத்தா. 'நாளைக்கு நெட் தகராறு பண்ணும், இதுல படிங்க'ன்னு..."

நிறுத்தினார். போலீஸ் மூளை. ஒரு நிமிடம் லேட்டாக வேலை செய்தது.

"டீச்சரே... நாளைக்கு நெட் தகராறு பண்ணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

மதியம் பன்னிரண்டு மணி. ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டு வரவழைத்த பின்சி, குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான்தான் எடுத்தேன்."

"அந்த ஆம்பளைக் குரல்?" என்றார் எல்தோஸ்.

"எழுதிக் குடுத்தா படிச்சுக் காட்டுற கம்ப்யூட்டர் குரல். டீச்சர் பாடத்துக்குப் பதிவு பண்றாங்களே, அதே ஆளு. பழைய பாடத்துலேர்ந்து வரி வரியாப் பொறுக்கி ஒட்டினேன்."

"அட! ரயில்வே ஸ்டேஷன் பாடத்துல விசாரணைக் கவுண்டர்ல உட்கார்ந்திருப்பானே, அவன்!" டீச்சர் தொடையில் தட்டினார். "அதான் உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்!"

"ஏன்டீ?" என்றார் எல்தோஸ் மெதுவாக. "நான் உன்னைப் போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லலியே இச்சாயா! சொல்லியிருந்தா நிம்மதியா நின்னிருப்பேன்!" புருஷனைப் பார்த்து வெடித்தாள் பின்சி. "படிச்சதெல்லாம் நீங்க. பரீட்சை எழுதப் போறது நான்! பட்டியல்ல நான்தான் முதல். சர்ச்சுல பாதிரி அச்சன் பிரசங்கத்துல என் பேரைச் சொல்லிட்டார். வாயைத் திறந்தா எனக்கு வணக்கத்துக்கு மேல வராது! யாருமே போகலேன்னா நான் மட்டும் தோத்த மாதிரி தெரியாதேன்னு..."

"வகுப்புல கேள்வி கேட்டா 'ரேஞ்ச் இல்ல டீச்சர்'னு சொல்லுவியே..."

"ரேஞ்ச் நல்லாத்தான் இருந்துது."

எல்லாவற்றையும் திருடியவளுக்கு, அந்த இருநூற்றுப் பதின்மூன்றாம் நாளை மட்டும் விட மனசு வரவில்லை. பாவம், பிள்ளை!

அரை மணியில் ஃபோல்டர் திரும்பி வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டும் பத்திரம். டீச்சர் புகாரைக் கிழித்தார். ஷிஜிக்கும் மற்றவர்களுக்கும் செய்தி போனது. டீச்சரின் போனுக்கு முப்பத்தேழு இதயப் படங்கள் பறந்து வந்தன.

"நான் பரீட்சைக்குப் போகல டீச்சரே."

"போற! இன்னும் ரெண்டரை நாள் இருக்கு. வீட்ல ஒரு வார்த்தை மலையாளம் கூடாது. ஜெர்மன்தான்!"

"எனக்குப் பிரச்னையே இல்ல" என்று மீசையை முறுக்கினார் எல்தோஸ்.

பின்சி மெல்லத் திரும்பி அந்த மீசையைப் பார்த்தாள்.

"டீச்சரே... 'எல்லாம் உங்களாலதான்'ங்கறதை ஜெர்மன்ல எப்படிச் சொல்றது?"

டீச்சர் சொன்னார். பின்சி சொன்னாள். கணீரென்று!

"'உங்க அம்மா மாதிரியே நீங்களும்'?"

அதையும் சொன்னாள். அடுத்தது டீச்சரைக் கேட்கவில்லை. தானே கோத்தாள். அதற்கு அடுத்தது இன்னும் நீளம்! இருபது நிமிடம், மூச்சு விடாமல்...

"கர்த்தாவே, இவ சனிக்கிழமை பாஸ்!" டீச்சர் கை தட்டினார். "சந்தோஷம்தானே சாரே?"

எல்தோஸ் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"சந்தோஷம்தான் டீச்சரே... எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியுதே, அதுதான் தாங்கல!"