பேரிங் சத்தம் நின்றபோது

சிக்னலில் காத்திருந்தபோது, கியர்பாக்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த முனகல் சட்டென்று நின்றது.

காலையில் தன் பழைய காருக்கு வேறொரு கியர்பாக்ஸ் மாட்டியதிலிருந்தே அந்தச் சத்தம் மெக்கானிக்கின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரலில் இன்ஜின் ஓடினால் போதும், எண்ணெய் காணாத தையல் மிஷினைப்போல இழுத்து இழுத்து முனகும். கிளட்சை மிதித்தால் அடங்கும், விட்டால் மறுபடி தொடங்கும். கியர்பாக்ஸின் முன் பேரிங்தான், சந்தேகமே இல்லை. சொன்னபடி கேட்கிற கோளாறுகள்மேல் அவனுக்கு ஒரு மரியாதையே உண்டு. ஆனால் இப்போது அவன் கிளட்சை மிதிக்கவில்லை. இடது கால் தரையில் சும்மா கிடந்தது.

குனிந்து பார்த்தான். பெடல் முழுவதுமாகக் கீழே போயிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரமே இல்லாமல், மேலே வந்தது. கூடவே முனகலும் வந்தது.

கேபிள் எங்கோ சிக்குகிறது என்று சொல்லிக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இருந்தாலும், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைக்காரன் சொன்னது நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கியர்பாக்ஸ் தங்கம்ணே! மூக்கு நசுங்கின வண்டியில கழட்டினது. ஓட்டினவன் கடைசி வரைக்கும் கிளட்ச்ல இருந்து காலை எடுக்கல. அப்படியேதான் வெளிய எடுத்தாங்க."

கடைக்காரன் சிரித்தான். இவனும் கூடச் சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பு இப்போது வாயில் கசந்தது. என்றாலும் கியர்பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை. மனைவிக்குப் பிரசவம் இன்றோ நாளையோ என்றிருந்தது. வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக இந்த ஒரு வண்டிதான்.

மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்கு முன்பே பட்டறைக்குள் இருட்டு கட்டியிருந்தது. வீட்டை ஒட்டிய பட்டறை அது. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டியிருந்த குழிக்கு மேல் அதை நிறுத்தி, மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, அவன் குழிக்குள் இறங்கினான்.

"உங்க புள்ளை ஸ்டியரிங்கை உதைக்குது. அதுவும் மெக்கானிக்தான் போல" என்றாள் அவள்.

"உதைக்கட்டும். நான் சொல்லும்போது மட்டும் நீ கிளட்சை மிதி."

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டான். எந்த பேரிங் பேசுகிறது என்று அவன் கண்டுபிடிப்பது அப்படித்தான். ஈர மண்ணும் பழைய ஆயிலும் நாறின. முனகல் எலும்பு வழியாகத் தலைக்குள் இறங்கியது.

"மிதி." அடங்கியது.

"விடு." முனகியது.

மிதி, விடு, மிதி, விடு. எல்லாம் கணக்காக இருந்தது. மனசு கொஞ்சம் லேசானது. பிறகு, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பெடலோடு இணைந்த கிளட்ச் லீவர் நகர்ந்து சத்தம் நின்றது.

"சொல்றதுக்கு முன்னாடி மிதிக்காதம்மா."

லீவர் பின்வாங்கியது. திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி, மெதுவாக.

"மிதி" என்றான். நின்றது. ஸ்க்ரூடிரைவர் வழியாக, அந்த நிசப்தத்துக்குள், வேறு ஏதோ கேட்டது. ஈரமான ஷூ ஒன்று பெடல் ரப்பரில் அழுந்தும் சத்தம்.

குழியின் ஓரத்தில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. வீங்கிய பாதங்கள். அவளுடையவை.

"ஏங்க, நான் அப்பவே பாத்ரூம் போயிட்டேனே. யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?"

லீவர் மிதிபட்டபடியே இருந்தது.

அவன் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டுக் குழியிலிருந்து ஏறினான். அதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கால் வழியாகத் தண்ணீர் இறங்கியது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். வண்டி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், தாமதமாகும் என்றார்கள். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவள் முனகத் தொடங்கியிருந்தாள். அந்த வண்டியில் அவளை ஏற்றக் கூடாது என்று உடம்பெல்லாம் கத்தியது. ஏற்றினான்.

வழி நெடுக பேரிங் முனகியது. அது முனக முனக அவனுக்குத் தைரியம் வந்தது. கத்து, நல்லா கத்து என்று கெஞ்சினான். பின் இருக்கையில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெருவிளக்குகள் தாண்டின. வளைவு தாண்டியது. மேடு வந்தது. மேட்டின் உச்சியில் ஆஸ்பத்திரியின் விளக்குகள்.

பாதி மேட்டில், சத்தம் நின்றது.

இன்ஜின் வீணாக உறுமியது. வண்டி நின்றது. பின்னால் உருண்டது. பிரேக்கை அழுத்திப் பிடித்தான். கிளட்ச் பெடல் அடிவரை போயிருந்தது.

"விடு" என்றான். பட்டறையில் சொன்ன அதே குரல். "விடு!"

வரவில்லை. உதைத்து விடுவிக்கலாமென்று இடது காலைப் பெடல்மேல் வைத்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

அவன் காலின்மேல் ஏதோ வந்து அமர்ந்தது. கனமாக. ஜில்லென்று. நனைந்த ஷூவின் தோல்.

"ஏங்க... முடியலைங்க... கிளட்ச்ல இருந்து காலை எடுங்க!"

இழுத்தான். வரவில்லை. ஹார்னை அழுத்தினான். கையை எடுக்காமல் அழுத்தினான்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து குடையும் சக்கர நாற்காலியுமாக இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பின் கதவைத் திறந்து அவளைத் தூக்கினார்கள். அவள் பிழைத்துக்கொள்வாள். குழந்தையும் பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு கணம் அவன் அழுதான்.

ஒருவன் நாற்காலியை மேலே தள்ளிக்கொண்டு போனான். மற்றவன் ஜன்னலைத் தட்டினான். "வண்டியை ஆஃப் பண்ணிட்டு இறங்கி வாங்க. கையெழுத்து போடணும்."

சாவியைத் திருப்பினான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். இன்ஜின் அடங்கியது. மழை மட்டும். இடது காலை மறுபடி இழுத்தான், வரவில்லை.

"என்னாச்சு? காலை எடுங்க சார்."

வந்த ஆள் டார்ச்சை உள்ளே அடித்தான். பெடல்மேல் ரப்பர் செருப்போடு மெக்கானிக்கின் இடது கால் மட்டும்தான் இருந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததன் அடியில் கால்விரல்கள் நசுங்கி, ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டிருந்தன.