பழைய சடக்கு ரயில் கேட்

அந்தி ரயில் போன பிறகும் கேட் மரம் மேலே எழவில்லை.

மரத்தில் பழுது ஒன்றுமில்லை. அதன் அடிமுனையில் கட்டியிருந்த கல்லின் கனத்துக்குக் கயிற்றைத் தளர்த்தினாலே போதும், மரம் தானாகத் துள்ளி எழும். அன்று கேட் காவலன் அர்ச்சுனன் கயிற்றைத் தளர்த்தியதும் அது ஒரு சாண் எழுந்து அங்கேயே நின்றது. பேச்சு சுவாரசியத்தில் வேலியில் கையூன்றி நிற்பார்களே, அப்படி யாரோ அதன்மேல் சாய்ந்திருப்பது போன்ற கனம். கல்லைப் பிடித்துத் தன் உடம்பையும் சேர்த்துத் தொங்கவிட்டான். மரம் மனமில்லாமல் மேலே போயிற்று. நுனியிலிருந்து மழைநீர் அவன் கழுத்தில் சொட்டியது. அதில் மஞ்சளும் ஊதுபத்தியும் கலந்த வாசனை இருந்தது.

மலாயாவில் ஈப்போவுக்கு வடக்கே சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே இருந்தது பழைய சடக்கு. ரப்பர் பால்மரக் காட்டுக்கு முதன்முதலில் சடக்கு, அதாவது சாலை, வெட்டிய காலத்துத் தெரு அது. ஒரு முனையில் செட்டியார்களின் கடைவீடுகள், மறுமுனையில் தோட்டத்து லயங்கள். தண்டவாளம் பிற்பாடு வந்து சாலையைக் குறுக்காக வெட்டியது. அதற்கு அப்பால் சுடுகாடு. வெள்ளைக்காரன் காலம் முழுக்க அங்கே கேட் கிடையாது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டினார்கள். ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் ஒரு ராணுவ லாரி அங்கே ரயிலில் அடிபட்டது. உடனே இரண்டு பக்கமும் கேட் மரம் போட்டார்கள், சிவப்பு விளக்குத் தொங்கவிட்டார்கள், ஸ்டேஷனிலிருந்து கம்பி இழுத்து ஒரு மணியும் வைத்தார்கள். மணி அடித்தால் மரத்தை இறக்க வேண்டும். ரயில் போகும்வரை தூக்கக் கூடாது. தூக்கினவன் தலை தோளில் இருக்காது.

தெருவே அதை எதிர்த்தது. கடைக்காரர்களில் மூத்தவரான சேவுகன் செட்டியார் நாலு பேரோடு ஜப்பானிய ரயில்வே அதிகாரியிடம் போனார்.

"உசிரோட இருக்கவுக எம்புட்டு நேரம் வேணும்னாலும் காத்திருப்பாக. பாடை காத்திருக்காதுங்க. தூக்கினா நிக்காமப் போயிரணும். பாதியில நிறுத்தி வச்சா, அப்பறம் யாரு சொன்னாலும் செத்தவுக போக மாட்டாக" என்றார்.

மொழிபெயர்த்தவன் அதை எப்படிச் சொன்னானோ தெரியாது. அதிகாரி எழுந்து வந்து செட்டியாரை அறைந்தான். பொழுது சாயும்வரை வெயிலில் நிறுத்தினான். அவர் வீங்கிய முகத்தோடு திரும்பி வந்து கடைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

அர்ச்சுனனுக்கோ அந்தக் கேட்தான் உயிர். கேட் காவலனின் கைப்பட்டையைக் கட்டியவனைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துப் போவதில்லை. அப்படிப் போனவர்கள் திரும்பாமல் லயத்தில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளை இல்லை. அவன் மனைவி முத்தம்மா காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு வயதுகூட நிரம்பாத மகள் சீனிக்கு அவனை விட்டால் நாதியில்லை. கேட்காரன் பிள்ளையென்று தெருவில் ஒரு பெண்ணும் அவளைத் தூக்கவில்லை. யாரோ இரண்டு தடவை மரத்தை அறுத்துப் போட்டார்கள். இரண்டு தடவையும் விடிவதற்குள் அவன் புது மரம் வெட்டிப் பூட்டினான். கேட் இல்லையென்றால் காவலன் எதற்கு? காவலன் வேண்டாமென்றால் சயாம்தான்.

முத்தம்மாவின் பாடையையும் அவன்தான் நிறுத்தினான். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்து வந்தவன் மணிச்சத்தம் கேட்டதும் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் மரத்தை இறக்கினான். பாடையின் முன்காலைச் சுமந்தவன் சன்னாசி, முத்தம்மாவின் அண்ணன்.

"மச்சான், ரயிலு எங்க இருக்கு? சத்தமே இல்ல. தூக்கு லா."

"மணி அடிச்சிருச்சு."

"என் தங்கச்சிடா அவ!"

"தூக்கினா என்னையப் புடிச்சிட்டுப் போயிருவான். அவ பெத்ததுக்கு யாரு இருக்கா?"

ரயில் வெகுநேரம் வரவில்லை. தோள் மாற்றி மாற்றித் தாங்கினார்கள். தப்பு அடித்தவன் கை ஓய்ந்து நின்றான். கடைசியில் சேற்றில் பாடையை இறக்கி வைத்தார்கள். ரயில் போன பிறகு அவளைக் கொண்டுபோய் எரித்தது உண்மை. சாம்பலை அவனே அள்ளினான். ஆனாலும் அன்றிலிருந்து மரம் கனத்தது. அதற்குப் பிறகு நின்ற ஒவ்வொரு பாடைக்கும் இன்னும் கொஞ்சம் கனத்தது.

அன்று அந்தியில் அர்ச்சுனன் மரத்தைத் தூக்கி முடித்தபோதுதான் சன்னாசி மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு தண்டவாளத்தைத் தாண்டி வந்தான்.

"என்ன மச்சான், இன்னிக்கு எத்தன பேரு நிக்கிறாங்க? எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்திட்டியா?"

வழக்கமான கேலிதான். அர்ச்சுனன் சிரிக்கவில்லை.

"மரத்த நீ புடிச்சு அழுத்துனியா?"

சன்னாசி மரத்தைப் பார்த்தான். பிறகு அதன் கீழே பார்த்தான். அவன் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"ஒரே ஒரு ரயிலுக்குத் தொறந்து வச்சிரு மச்சான். போக வேண்டியவங்க போயிரட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. போர்க்கால உத்தரவுப்படி, விளக்கு வெளியே தெரியாதிருக்கத் தெரு முழுவதும் ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. குடிசைக்குள் சீனி பசித்து அழத் தொடங்கினாள். கஞ்சி காய்ச்சப் போகலாமென்று அவன் திரும்பியபோது மணி அடித்தது.

ஊர்ப்பக்கத்து மரத்தை இறக்கினான். கயிறு கையில் வழுக்கி ஓடியது. அவன் இறக்கவில்லை, கீழேயிருந்து இழுத்துக்கொண்டார்கள். சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் மரம் நெடுக மழைத்துளிகள் கோத்து நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் துளிகள் துடைபட்டன. உள்ளங்கை அகலத்துக்கு. அதன் பக்கத்தில் இன்னோர் உள்ளங்கை. பிறகு மரத்தின் நுனிவரை, வரிசையாக.

நனைந்த வேட்டிகளின் சலசலப்பு. கசங்கிய சாமந்தி வாசனை. மழை அந்த இடத்தில் மட்டும் தரையைத் தொடுவதற்கு முன்பே எதன்மீதோ விழுந்து வழிந்தது, குட்டையும் நெட்டையுமாக, தோள்களின் உயரத்தில்.

ரயிலின் சத்தம் இன்னும் கேட்கவில்லை. மரத்தைத் தூக்கினால் தலை போகும். தூக்காவிட்டால் இவர்கள் இங்கேயே, சீனி தூங்கும் இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், நிற்பார்கள். நாளையும். அதற்கு மறுநாளும்.

அவன் கல்லைப் பிடித்துத் தொங்கினான். "போங்க. எல்லாரும் போயிருங்க" என்றான்.

மரம் விர்ரென்று எழுந்தது. அதன்மேல் யாருமே இல்லை.

எதிரே தண்டவாளம். அதற்கு அப்பால் சுடுகாட்டுப் பாதை, திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை.

தொப்.

சத்தம் அவனுக்குப் பின்னால் கேட்டது. ஊர்ப்பக்கம். சேற்றில் இரண்டு கால்கள் ஒன்றாக விழும் சத்தம். நடையல்ல. தொப். மறுபடி தொப். ஒன்றல்ல, பல. அவர்கள் திரும்பிவிட்டார்கள். தெருவுக்குள் போகிறார்கள்.

முதல் கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்று ஒரு பெண் கேட்டாள். தாழ்ப்பாள் விலகியது. அவள் மறுபடி பேசவில்லை.

அடுத்த கதவு. அதற்கடுத்தது. கறுப்புத் துணிகளுக்குப் பின்னாலிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கோ சன்னாசியின் குரல் "வேணாம், தொறக்காத" என்று கத்தியது. நின்றுபோயிற்று.

ஒரு சத்தம் மட்டும் தெருவுக்குப் போகவில்லை.

தொப். அவனைத் தாண்டியது. ஈர மஞ்சள் வாசனை. தொப். குடிசை வாசலின் சாக்குப் படுதா விலகி, விழுந்தது.

சீனியின் அழுகை நின்றது.

தண்டவாளம் அதிர்ந்தது. ரயில் வளைவைத் தாண்டிக் கூவியது. மரம் மேலேயே நின்றது. அவன் குடிசைக்கு ஓடினான். படுதாவைப் பிடித்தவனுக்கு அதை விலக்கக் கை வரவில்லை. என்ஜின் வெளிச்சம் ஓலை இடுக்குகளின் வழியே உள்ளே பாய்ந்தது. காற்று படுதாவைத் தூக்கியது.

சீனி தூங்கும் சேலை ஏணை ஆடிக்கொண்டிருந்தது. பாரத்தில் இழுபட்டுத் தரையை உரசியது. அதன் ஒரு விளிம்பில் சீனியின் கை, துவண்டு, வெளியே தொங்கியது. மறு விளிம்பில் மஞ்சள் பூசிய இரண்டு பெரிய பாதங்கள் நீட்டியிருந்தன. சுடுகாட்டில் அவிழ்க்க வேண்டிய வெள்ளைத் துணி, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டியபடியே இருந்தது. ஏணையை ஆட்டுவதற்காக அந்தப் பாதங்கள் ஒன்றாகத் தரையை உந்தின. மெதுவாக, பிள்ளை விழித்துவிடாதபடி.