பஞ்சுவின் வயிற்றுச் சத்தம்

தட்டு சுத்தமாக இருந்தது.

வேறு வீடாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு அது நல்லதாகப் படவில்லை. வேலையிலிருந்து வந்தவன் கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல், முயல் கூண்டுக்கு அடியிலிருந்த தட்டை இழுத்துப் பார்த்தான். காலையில் துடைத்து வைத்தது வைத்தபடியே இருந்தது. உருண்டை உருண்டையாக நாள் முழுக்கப் புழுக்கை போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய பிராணி, மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போட்ட புல்லும் அப்படியே கிடந்தது.

பஞ்சுவுக்கு இது புதிதில்லை. மகள் ஆசை ஆசையாக ஊட்டிய பிஸ்கட்டால் ஒரு தடவை, உதிர்ந்த முடியை நக்கி விழுங்கியதால் ஒரு தடவை, எதிர்வீட்டு நாய் குரைத்த பயத்தில் ஒரு தடவை என்று அதன் வயிறு அவ்வப்போது வேலைநிறுத்தம் செய்யும். அப்போதெல்லாம் மனைவிதான் பார்த்துக்கொள்வாள். அவன் டார்ச் பிடிப்பதோடு சரி. இப்போது கொழுந்தியாள் பிரசவத்துக்கு அம்மாவும் மகளும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

"பஞ்சுவ பாத்துப்பீங்கள்லப்பா?" என்று மகள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்டாள்.

"உன்னவிட நல்லா பாத்துப்பேன், போடி" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினான். குருவி தலையில் பனங்காய்.

மிருக டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். அவர் வெளியூரில் இருந்தார். காலையில்தான் வருவாராம்.

"பதறாதீங்க. வெதுவெதுன்னு வச்சுக்குங்க. வலி மருந்து குடுங்க. போன தடவை டப்பால குடுத்தேன்ல, அந்தப் புல்மாவைக் கரைச்சு சிரிஞ்ச்ல கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுங்க. முயல் வயிறு நிக்கவே கூடாது. அதுக்கு வாந்தி எடுக்கவும் வராது, தெரியும்ல? உள்ள போனது ஒரே வழியாத்தான் போகணும்."

"சரியாகுதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"வயித்துல காது வச்சுப் பாருங்க. கடமுடன்னு சத்தம் வந்தா குடல் ஓடுதுன்னு அர்த்தம்."

இதைக் கேட்டதும் பாதி உயிர் திரும்பியது. அவன் தொழிலே அதுதானே! மோட்டார் மேல் ஸ்குரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன். ஓடுகிற மெஷின் சத்தம் போடும், நின்றது போடாது.

வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, அதன் மேல் பஞ்சுவைப் படுக்க வைத்தான். வெளியே மழை பிடித்திருந்தது. காய்ந்த புல்லின் வாசனையும் அவன் சட்டையின் எண்ணெய் வாசனையும் கலந்து அறை புழுங்கியது. குனிந்து வெள்ளை வயிற்றில் காதை வைத்தான். ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது, ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது, பஞ்சுவின் இதயம் தையல் மெஷின் மாதிரி ஓடுவது கேட்டது. வயிறு மட்டும் கிணற்றின் ஆழம் போல அமைதியாக இருந்தது.

ஊசியில்லாத சிரிஞ்சில் பச்சைக் கரைசலை இழுத்து, கடைவாயில் சொருகி, கட்டை விரலால் மெல்ல அழுத்தினான். பாதி தாடையில் வழிந்தது. பாதி உள்ளே போனது. மறுபடி காது வைத்தான்.

கரக். கரக்.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னான்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவருக்கும் நிம்மதி. "அப்ப பயமில்ல. நிறுத்தாம குடுத்துக்கிட்டே இருங்க."

கொடுத்தான். இந்தத் தடவை தாடையில் வழியவில்லை. அடுத்த தடவையும் வழியவில்லை. பசி வந்துவிட்டது என்று குஷியாகக் கிண்ணம் கிண்ணமாகக் கரைத்தான். "யானைப் பசிக்குச் சோளப்பொரியா, கண்ணு?" என்று கொஞ்சக்கூடச் செய்தான். பஞ்சு பல்லை நறநறவென்று கடித்தது. முயல் அப்படிக் கடித்தால் வலி என்று மனைவி சொல்லியிருக்கிறாள். ஆனால் வயிறு ஓடுகிறதே? காது வைக்கும்போதெல்லாம் சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறதே?

கரக். கரக். கரக்.

ஒரே அளவு. ஒரே இடைவெளி. குடல் இப்படியா ஓடும்? குடலில் தண்ணீர் உருள்வது போலத்தானே கேட்க வேண்டும்? இது வறண்ட சத்தம். தினமும் கூண்டிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம். புல்லை மெல்லும் சத்தம்.

பஞ்சுவின் வாயைப் பார்த்தான். அசையவில்லை.

மடி லேசாகியிருந்தது. அத்தனை கிண்ணம் கரைத்து ஊட்டியும் வயிறு உப்பவில்லை. விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன. காலையில் இவை தட்டுப்பட்டனவா என்று யோசித்தான். தட்டில் இன்னும் ஒரு புழுக்கைகூட இல்லை. அப்படியானால் உள்ளே போனதெல்லாம் எங்கே?

வேலைக்குச் சேரும் பையன்களுக்கு அவன் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் நினைவுக்கு வந்தது. "சத்தம் ஓடுதுன்னு காட்டும். எது ஓடுதுன்னு காட்டாதுடா."

மறுபடி குனிந்தான். குனிய மனசில்லை, ஆனாலும் குனிந்தான். ஃபிரிட்ஜ் முனகியது. தண்ணீர் சொட்டியது. மெல்லும் சத்தம் கேட்டது. தையல் மெஷின் நின்றிருந்தது.

காதை அழுத்தினான். நெஞ்சுப் பக்கம் நகர்த்தினான். அங்கே ஒன்றுமில்லை. வெந்நீர் பாட்டில் பட்ட இடம் மட்டும் சூடு. காது ஜில். கால் ஜில். திறந்திருந்த கண்ணைத் தொட்டான். அது இமைக்கவில்லை. எப்போது போனது? பல்லை நறநறவென்று கடித்தபோதேயா? எதற்கு ஊட்டிக்கொண்டிருந்தான் இத்தனை நேரம்?

மடியிலிருந்து தூக்கி எறியலாம். மகளின் பஞ்சு. எப்படி எறிவது?

போன் அடித்தது. மகள்.

"அப்பா, நான் தூங்கப் போறேன். பஞ்சு சாப்டுச்சா?"

செத்துப்போச்சும்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"சாப்... சாப்பிடுதும்மா."

"அது வயித்துகிட்ட போன வைங்கப்பா. அம்மா வைப்பாங்க. நான் கேட்டுட்டுத் தூங்குறேன்."

"வேண்டாம்டா."

"ப்ளீஸ்ப்பா."

கை தானாகப் போனது. வெள்ளை ரோமத்தில் போனைச் சாய்த்தான்.

கரக். கரக். கரக்.

பிறகு நின்றது. அந்தச் சத்தம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக நின்றது. உள்ளே வேறு ஏதோ மிக மெல்லிதாக, முணுமுணுப்பாக. அவனுக்குப் புரியவில்லை. போனில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் சிரித்தாள்.

"இன்னும் பசிக்குதாம்ப்பா. குடுங்கப்பா."

"யாரு... யாரும்மா சொன்னது?"

போன் அணைந்திருந்தது.

கிண்ணத்தில் கொஞ்சம் மீதி இருந்தது. சிரிஞ்சில் இழுத்தான். ஏன் இழுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. விறைத்த கடைவாயில் சொருகினான். அழுத்த மனம் வரவில்லை. கட்டை விரலை எடுத்துவிட்டான்.

சிரிஞ்சின் தண்டு தானாக இறங்கியது. மெதுவாக, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை.

கிண்ணம் காலி. டப்பா காலி. சிரிஞ்சை எடுக்கப் போனான். அது வரவில்லை. பிடித்திழுக்க விரலை உள்ளே விட்டான்.

வறண்ட உதடு ஒன்று அவன் விரல் நுனியைக் கவ்வியது. பல் இல்லை. பலமும் அதிகமில்லை. ஆனால் விடவில்லை. முதல் கணு உள்ளே போனது. மடியில் சத்தம் மறுபடி தொடங்கியது. வாந்தி எடுக்க வராது என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டாவது கணுவும் உள்ளே போயிருந்தது.